உங்கள் தெரு மனிதர்களை எழுதிப் புத்தகமாக்குவது எப்படி?

தையல்காரர், இஸ்திரி போடுபவர், பூக்காரம்மா, ஆட்டோ ஸ்டாண்டில் பேப்பர் படிக்கிற அண்ணன், ஓய்வுபெற்ற நடத்துநர். இவர்களிடம் உட்கார்ந்து பேசி, அவர்கள் சொன்னதைச் சிரிக்கச் சிரிக்க எழுதி, சின்னப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா? எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரிடம் எந்த நேரத்தில் போவது, எந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது, எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்றெல்லாம் சொல்ல ஆள் இல்லை. மதுரையில் ஒரே ஒரு தெருவை வைத்து இந்த வேலையை முடிப்பதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 128 பக்கம், 100 பிரதி என்றால் மொத்தம் 24,000 ரூபாய் வரை கையில் இருக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் ஏழெட்டு மாதம் ஆகும். அதில் எழுதுவது பாதிகூட இல்லை.

1. ஆட்களைத் தேர்ந்தெடுப்பது

ஊர் முழுக்க அலையாதீர்கள். ஒரு தெரு, அல்லது ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சுற்றியுள்ள கடைகள் போதும். பத்துப் பேரைத் தாண்ட வேண்டாம். ஒரே தெரு என்றால் ஒருவர் கதையில் இன்னொருவர் தானாக வந்துவிடுவார். டீக்கடைக்காரரைப் பற்றி இஸ்திரிக்காரர் சொல்வதும், இஸ்திரிக்காரரைப் பற்றி டீக்கடைக்காரர் சொல்வதும் சேர்ந்தால்தான் களைகட்டும்.

ஒவ்வொரு தெருவிலும் பேச்சுக்குப் பேர்போன ஒருவர் இருப்பார். “அவர்ட்ட போங்க தம்பி, வயிறு வலிக்கச் சிரிப்பீங்க” என்று எல்லோரும் அவரைத்தான் கைகாட்டுவார்கள். அவரைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வதெல்லாம் இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதைகள். எந்த இடத்தில் நிறுத்தி எந்த இடத்தில் தொடையைத் தட்டுவார் என்பதுகூடத் தெருவுக்குத் தெரியும். “என்கிட்ட என்ன தம்பி இருக்கு எழுத?” என்று கேட்கிறவரிடம்தான் சரக்கு இருக்கிறது.

தவிர்க்க வேண்டியவர்கள் இரண்டு வகை. பணியில் இருக்கும் அரசு ஊழியர்கள் முதல் வகை. அவர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. வேலையைப் பற்றி நகைச்சுவையாகச் சொன்ன ஒரு வரி அவர்களுக்கே மெமோவாகத் திரும்பி வரலாம். ஓய்வுபெற்றவர்களைப் பிடியுங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். இரண்டாவது, சொத்து வழக்கிலோ குடும்பத் தகராறிலோ இருப்பவர்கள். உங்கள் புத்தகத்தை எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் வாசிக்கும் நிலை வரக் கூடாது.

2. போக வேண்டிய நேரம்

புதிதாக இறங்குபவர்கள் அதிகம் தடுமாறுவது இதில்தான். நமக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, அவர்களில் பலருக்கு அன்றுதான் வேலை.

டீக்கடைக்குக் காலையில் போகவே போகாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து மூன்றுக்குள் மாஸ்டர் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். மூன்றரைக்கு மறுபடி கூட்டம் வந்துவிடும், அதற்குள் எழுந்துகொள்ளுங்கள். இஸ்திரிக்காரரிடம் ஞாயிறு மாலையும் திங்கள் காலையும் கூடாது, பள்ளிச் சீருடை மலைபோலக் குவிந்திருக்கும். மற்ற நாட்களில் எப்போது வேண்டுமானாலும் போகலாம். கை வேலை செய்துகொண்டிருக்க, கண் துணியில் இருக்க, வாய் மட்டும் பேசும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள்கூட அப்படித் தாராளமாகப் பேசுவார்கள். நீங்கள் எதிரில் உட்காராமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

தையல்காரரிடம் தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதமும், பள்ளி திறக்கும் நேரமும் போனால் கத்தரியால் பதில் வரும். ஆடி மாதம் சரியான காலம். கல்யாணம் இல்லை, அதனால் ஜாக்கெட் அவசரம் இல்லை. சமையல் மாஸ்டர், கல்யாண போட்டோகிராபர், மண்டபத்து மேனேஜர் எல்லோருமே ஆடியில் கிடைப்பார்கள். பூக்காரம்மா மட்டும் விதிவிலக்கு; அம்மன் கோயில் கூழும் ஆடி வெள்ளியுமாக அவருக்குத் தலைக்கு மேல் வேலை. செவ்வாய், வெள்ளி, முகூர்த்த நாள், விசேஷ நாள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு அவரைப் பாருங்கள். மார்கழி, தை மாதப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது அவருக்குப் பேசும் மனநிலையே இருக்காது. மதுரைக்காரர்கள் என்றால் சித்திரைத் திருவிழாவை விட்டுவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பி, ஊர் தூங்கி எழுந்தபின் போங்கள். அப்போது ஒவ்வொருவரிடமும் புதுக் கதை இருக்கும்.

காசு கொடுக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். பேட்டிக்கு என்று பணம் நீட்டாதீர்கள். நீட்டினால் காசுக்குத் தகுந்த கதை வேண்டுமே என்று அவர் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதற்காக வியாபார நேரத்தில் ஒருவரை உட்காரவைத்துவிட்டுச் சும்மா எழுந்து வருவதும் நியாயமில்லை. பூ வாங்குங்கள், துணி போடுங்கள், சட்டை தைக்கக் கொடுங்கள். பேரம் பேசாதீர்கள். இந்த வகையில் சில மாதங்களுக்கு 1,500 ரூபாய் வரை ஆகும். அதைச் செலவுக் கணக்கில் எழுதிவையுங்கள். என் வீட்டில் அந்தச் சமயத்தில் கைக்குட்டைகூடக் கசங்காமல் இருந்தது.

3. கேள்விகள்

“உங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சம்பவம் எது?” என்று கேட்டுவிடாதீர்கள். கேட்ட மறுநொடி அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்து, டிவியில் பேசுவதுபோல் பேச ஆரம்பிப்பார். “கஷ்டப்பட்டுத்தான் முன்னுக்கு வந்தேன்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

பொருளைப் பற்றிக் கேளுங்கள். இந்தக் கத்தரி எப்போது வாங்கியது? அந்தப் பரணில் மூட்டையாகக் கிடப்பது என்ன? கல்லாவில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏன் ஒரு பழைய பேருந்துச் சீட்டு? பொருளில் ஆரம்பித்தால் ஆள் தானாக வருவார்.

ஒரு தையல்காரரிடம், தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராத துணி உண்டா என்று கேட்டேன். பரணைக் காட்டினார். அதில் ஒரு கல்யாணச் சட்டை. பட்டன் வைத்து, காஜா எடுத்து, மடித்து, கவரில் போட்டது. நிச்சயத்துக்குப் பிறகு கல்யாணம் நின்றுபோனதால் மாப்பிள்ளை வாங்க வரவே இல்லை. “பாவம், எதுக்குப் போன் பண்ணி ஞாபகப்படுத்தணும்னு நானும் விட்டுட்டேன். எட்டு வருசம் கழிச்சு, பையனுக்கு யூனிபார்ம் தைக்க வர்றான். அளவெடுத்துட்டு, மெதுவா சட்டையை எடுத்து வச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்தான். அழுதுருவானோன்னு பயந்துட்டேன். ‘அண்ணே, இதுல வயித்துக்கு ரெண்டு இஞ்ச் விட முடியுமா’ன்னு கேட்டான்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். “தையல் உள்ள விட்டுத்தான் வச்சிருந்தேன், பிரிச்சுக் குடுத்தேன்” என்று முடித்தார்.

மறக்க முடியாத சம்பவம் எது என்று கேட்டிருந்தால் இது வந்திருக்காது. அவருக்கு அது சம்பவமே இல்லை, பரணில் கிடக்கும் ஒரு சட்டை, அவ்வளவுதான்.

வேலை செய்யும் கேள்விகள் இன்னும் சில. கடன் கேட்டு வந்தவர்களில் ரொம்பச் சாமர்த்தியமானவர் யார்? இந்த வேலையில் புதிதாக வருபவர்களை எப்படி ஏமாற்றுவீர்கள்? (ஒவ்வொரு தொழிலிலும் இது உண்டு, எடுபிடிப் பையனை இல்லாத சாமான் வாங்கக் கடை கடையாக அலையவிடுவது போல.) எந்த வாடிக்கையாளரைப் பார்த்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்வீர்கள்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் முடிந்தது என்று நினைத்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள். நல்ல வரி அதற்குப் பிறகுதான் வரும்.

4. பதிவும் எழுத்தாக்கமும்

கைப்பேசியே போதும், தனி ரெக்கார்டர் வாங்க வேண்டாம். ஏரோப்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நல்ல இடத்தில் வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும். கேட்டுவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும், மறைத்துவைத்து எடுக்கக் கூடாது. கைப்பேசியை அவர் கண்ணில் படும்படி வைத்தால் பத்து நிமிடத்தில் அதை மறந்துவிடுவார்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரம் ஆகும். குரலை எழுத்தாக்கும் வசதி தமிழுக்கும் இருக்கிறது. செய்தி வாசிப்பதுபோல் பேசினால் ஓரளவு பிடிக்கும். தெருச் சத்தத்தில், வட்டார வழக்கில், வாயில் வெற்றிலையோடு பேசுவதைப் பிடிக்காது. கையால்தான் செய்ய வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு. கேட்டுக் கேட்டு எழுதும்போதுதான் அவர் எந்தச் சொல்லில் இழுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்பது காதில் விழும். அன்றன்றைக்குப் பேசியதை அந்த வாரத்துக்குள் எழுதிவிடுங்கள். ஒலிக்கோப்பை இரண்டு இடங்களில் சேமித்துவையுங்கள்.

எல்லாவற்றையும் யுனிகோடில் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் பொது எழுத்துமுறை) தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்துவிட்டு அச்சகத்தில் போய் மாற்றினால் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்கும்.

5. சிரிப்பை எழுதுவது

இந்தப் புத்தகத்துக்கு நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான். அவர் அடித்த நகைச்சுவையை எழுதலாம், அவரை வைத்து நான் அடிக்கும் நகைச்சுவையை எழுதக் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும். அதனால் சந்தேகம் வருகிற ஒவ்வொரு வரியிலும், இங்கே சிரிப்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார் என்றால் இருக்கட்டும்.

எங்கள் தெருப் பூக்காரம்மா குள்ளம், கையும் குட்டை. “உங்க முழம் சின்ன முழமா இருக்கே” என்று புதிதாகக் குடிவந்த ஒரு அம்மா கேட்டார். “அப்ப உங்க கையாலயே அளந்துக்கங்க. சில்லறைய மட்டும் நான் என் கையால எண்ணிக்கிறேன்” என்றார் இவர். அந்த அம்மா அளந்தார். அவர் கை இன்னும் குட்டை. இதில் அந்தக் கையைக் கேலி செய்து நான் ஒரு வர்ணனை எழுதியிருந்தால் பூக்காரம்மா வெறும் உருவமாகியிருப்பார். அவர் பேச்சை அப்படியே வைத்ததால் வியாபாரத்தில் கெட்டிக்காரராக நிற்கிறார்.

பேச்சு வழக்கை எழுதுவதில் ஒரு பொறி இருக்கிறது. நம் கேள்வியைச் சுத்தமான எழுத்துத் தமிழில் போடுவது, அவர் பதிலை மட்டும் “இன்னாங்குறீங்க, வர்றாப்ல, போறாப்ல” என்று கொச்சையில் போடுவது. நீங்களும் அப்படித்தானே பேசினீர்கள்? கேள்வியையும் பேச்சு வழக்கிலேயே போடுங்கள், அல்லது இரண்டையும் ஒரே மாதிரி லேசாகத் திருத்துங்கள். படித்தவர் எழுத்துத் தமிழிலும் படிக்காதவர் கொச்சையிலும் பேசுகிற புத்தகம், யாரைத் தாழ்வாக நினைக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிடும். வட்டார வழக்கை எழுதும்போதும் வாசகன் தடுக்கி விழாத அளவுக்குப் போதும். ஒவ்வொரு உச்சரிப்பையும் எழுத்தில் பிடிக்கப் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பட்டப்பெயர்களில் கவனம். கடை போர்டிலேயே பட்டப்பெயரைப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. உடலை வைத்தோ சாதியை வைத்தோ வந்த பெயரை, அவர் எதிரில் எல்லோரும் கூப்பிட்டாலும், கேட்காமல் அச்சில் போடாதீர்கள். எதிரில் பொறுத்துக்கொள்வது வேறு, பேரன் படிக்கிற புத்தகத்தில் இருப்பது வேறு.

அடுத்தது, அழவைக்கும் ஆசை. சிரிப்பு முடிந்ததும் கடைசிப் பத்தியில் கண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுகிறோம். “அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எத்தனை சோகமோ” என்று எழுதினால் பாதி வாசகர்கள் அங்கேயே மூடிவைத்துவிடுவார்கள். தையல்காரர் கதையில், எட்டு வருடம் போன் செய்யாமல் இருந்ததும், கேட்காமலே தையலை உள்ளே விட்டு வைத்திருந்ததும் போதும். அதற்கு மேல் நாம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

6. ஒப்புதல் கடிதம்

ஆவணம் என்று பார்த்தால் இதுதான் முக்கியம். பத்திரத்தாளில் எழுதி வாங்குங்கள் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பத்திரத்தாளைப் பார்த்ததும் வீட்டை எழுதிக் கேட்க வந்தவன் என்று நினைத்து மொத்தக் குடும்பமும் வெளியே வந்துவிடும். சாதாரண ஏ4 தாள், எளிய தமிழ், ஒரே பக்கம். அதில் இருக்க வேண்டியவை:

- அவர் பெயர், உங்கள் பெயர், உங்கள் கைப்பேசி எண்
- எந்தத் தேதிகளில் பேசினீர்கள், குரல் பதிவு செய்தீர்களா என்பது
- எதற்குப் பயன்படுத்துவீர்கள்: அச்சுப் புத்தகம், மின்னூல், இரண்டுமா
- சொந்தப் பெயரா, மாற்றுப் பெயரா
- புகைப்படத்துக்குத் தனி அனுமதி. அட்டைப்படம் என்றால் அதையும் தனியாகக் குறிப்பிட வேண்டும்
- அச்சுக்குப் போகும் தேதி வரை எதை வேண்டுமானாலும் நீக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்ற வரி
- இலவசமாக எத்தனை பிரதி தருவீர்கள் என்பது

இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடமே கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் உரக்கப் படித்துக் காட்டி, அவர் நம்பும் ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைநாட்டு வாங்குங்கள். பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும். குடித்திருக்கும்போது சொன்னதையும் வாங்கிய கையெழுத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள், மறுநாள் காலையில் போய்த் திரும்பக் கேளுங்கள்.

முதல் சந்திப்பிலேயே தாளை நீட்டக் கூடாது. இரண்டாவது அல்லது மூன்றாவது முறை பேசிய பிறகு கேளுங்கள். அதற்காகப் புத்தகம் அச்சுக்குப் போகும் வாரம் வரை தள்ளிப்போடவும் கூடாது. அப்போது ஒருவர் மாட்டேன் என்றால் பத்துப் பக்கம் காலி.

7. வாசித்துக் காட்டுவது

எழுதி முடித்ததும் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றிய பகுதியை முழுதாக உரக்க வாசித்துக் காட்டுங்கள். “அதெல்லாம் வேண்டாம் தம்பி, நம்பிக்கை இருக்கு” என்பார்கள். விடாதீர்கள். ஒரு வரி வாசிக்கும்போது உங்கள் குரல் தணிகிறதா? அந்த வரியை அடித்துவிடுங்கள், அவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

இதில் எதிர்பாராத வரவும் உண்டு. வாசிப்பதைக் கேட்டதும், “அப்படி இல்ல, அதுக்கு அடுத்து என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பிப்பார்கள். என் புத்தகத்தில் நல்ல இடங்கள் பலவும் இந்தச் சுற்றில் வந்தவைதான். மனைவியோ மகளோ பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. “பொய் சொல்லாதீங்க, அன்னிக்கு நீங்க கடைக்கே போகல” என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தையும் சேர்த்தே எழுதிவிடுங்கள். இந்தச் சுற்றுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

8. சட்டம்

மூன்றாம் நபர்தான் இங்கே ஆபத்து. இஸ்திரிக்காரருக்குத் துணியை வைத்தே வீட்டு நிலவரம் தெரியும். வெள்ளைச் சட்டை வருவது நின்றால் ரிட்டயர்டு, திடீரென்று டை வந்தால் பையனுக்கு வேலை கிடைத்தாயிற்று, இரண்டு பை தனித்தனியாக வந்தால் புருஷன் பெண்டாட்டி பேச்சுவார்த்தை இல்லை. கேட்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது தன் கதைக்கு. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் உங்களுக்கு ஒப்புதல் தரவில்லை. பெயரை மாற்றுவது போதாது. மாடி வீடு, மூன்று பெண்கள், வங்கி வேலை என்று எழுதினால் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். அடையாளத்தைக் கலைக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அவதூறு பற்றிப் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. “உண்மையைத்தானே எழுதினேன்” என்பது மட்டும் அங்கே செல்லாது. அது பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இறந்தவரைப் பற்றி எழுதுவதும் குடும்பத்தார் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறாகலாம். உறுத்தலான பகுதி ஏதாவது இருந்தால் அச்சுக்கு முன்பே ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, பாட்டு. பேசும்போது பாதிப் பேர் சினிமாப் பாட்டு பாடுவார்கள். வரிகளை அப்படியே அச்சிட்டால் உரிமைப் பிரச்சினை வரும்; எழுதியவர் காலமாகி 60 ஆண்டு வரை இந்தியாவில் பதிப்புரிமை உண்டு. பாடினார் என்று மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

உங்கள் புத்தகத்துக்குப் பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை, எழுதியவுடனே உரிமை வந்துவிடுகிறது. சான்றிதழ் வேண்டும் என்று தோன்றினால் இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்புக் காலம் இருக்கும். நான் செய்யவில்லை.

9. ஐஎஸ்பிஎன்

ஒவ்வொரு புத்தகத்தையும் அடையாளம் காட்டும் சர்வதேச எண் இது. இந்தியாவில் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழங்குகிறது. இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், எழுதியவரே வெளியிடுகிறவர் என்றாலும் கிடைக்கும். அடையாளச் சான்று, புத்தகத்தின் அட்டை அல்லது தலைப்புப் பக்கத்தின் படம் இவற்றைத் தயாராக வையுங்கள். தலைப்பு முடிவான பிறகே விண்ணப்பியுங்கள். எண் வந்த பிறகு தலைப்பை மாற்றுவது தொல்லை. வாரக் கணக்கில் ஆகலாம் என்பதால் அச்சுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண்.

“ஐஎஸ்பிஎன்னுக்கு மட்டும் மூவாயிரம் சார்” என்று யாராவது சொன்னால், எதற்கு என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் பெயரில் எண் வாங்கினால் ஆவணத்தில் அவர்கள்தான் பதிப்பாளர். எல்லாம் சேர்த்துச் செய்து தருகிறோம் என்கிற நிறுவனங்களிடம் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். உரிமையை எழுதிக்கொடுக்கும் வரி எங்கோ நடுவில் இருக்கும். காலம் குறிப்பிடாமல் உரிமையை மாற்றிக் கொடுத்தால் 5 ஆண்டு என்று பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு காலம் உங்கள் தெருவை நீங்களே மறுபதிப்புப் போட முடியாது.

10. அச்சகம்

அச்சகக்காரரிடம் பேசும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள்: அளவு (நாவல்கள் வழக்கமாக வரும் டெம்மி அளவு வசதியாக இருக்கும்), தாள் (70 அல்லது 80 ஜிஎஸ்எம் கனமுள்ள மேப்லித்தோ என்கிற வெள்ளைத் தாள்), பிரதிகள். ஆஃப்செட்டில், அதாவது தகடு செய்து மொத்தமாக அடிக்கும் முறையில், 16 பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். 128 பக்கம் என்றால் சரியாக எட்டு பாரம். 131 பக்கத்தில் முடித்துவிட்டு வந்து நின்றால் கூடுதல் பாரத்துக்குக் காசு, அல்லது கடைசியில் வெற்றுப் பக்கங்கள். நூறு இருநூறு பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டும். 500க்கு மேல் போனால் ஆஃப்செட் விலையையும் விசாரியுங்கள்.

நான் விசாரித்தபோது 128 பக்கப் புத்தகம் டிஜிட்டலில் ஒரு பிரதி 70 ரூபாயிலிருந்து 120 ரூபாய் வரை சொன்னார்கள். ஒரே வேலைக்கு இவ்வளவு வித்தியாசம், ஆகவே குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். மெய்ப்புத் திருத்தம், பக்க வடிவமைப்பு, அட்டை வடிவமைப்பு மூன்றும் இதில் சேராது. அந்த மூன்றுக்கும் சேர்த்து 8,000 முதல் 10,000 வரை போகும். மெய்ப்புக்குக் கொடுக்கும் காசை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நாம் எழுதியதில் நம் கண்ணுக்குப் பிழை தெரியாது.

எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். முழு அச்சுக்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்துத் தரச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். மாதிரியில் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் பிழை உங்கள் பிழை, அதற்கு முன் வருவது அவர்கள் பிழை. முன்பணமாகப் பாதிக்கு மேல் தராதீர்கள். தேதியைத் தாளில் எழுதி வாங்குங்கள். “அடுத்த வாரம் கண்டிப்பா சார்” என்பதை நம்பி நான் கேட்ட அடுத்த வாரங்களை வைத்து இன்னொரு நகைச்சுவைப் புத்தகமே போடலாம்.

சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி, நவம்பர் டிசம்பரில் அச்சகங்கள் மூச்சுமுட்டிக் கிடக்கும். அந்த வரிசையில் நூறு பிரதிக்காரருக்குக் கடைசி இடம். பொங்கல் முடிந்து பிப்ரவரியில் போனால் நாற்காலி போட்டு உட்காரச் சொல்வார்கள்.

11. கையில் வந்த பிறகு

முதல் கட்டைப் பிரித்ததும் ஒப்புதல் கடிதத்தில் சொன்ன பிரதிகளை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள், விழா வைக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். புத்தகத்தில் தான் இருப்பதை அடுத்த கடைக்காரர் சொல்லி ஒருவர் தெரிந்துகொண்டால் அவர் முகம் மாறிவிடும்.

வெளியான 30 நாளுக்குள், 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அனுப்பிவிடுங்கள், தபால் ரசீதையும் ஒட்டிவையுங்கள். நம் தெருப் பூக்காரம்மா கன்னிமாராவில் இருக்கிறார் என்று அவரிடமே சொல்லிப் பாருங்கள். எங்கள் பூக்காரம்மா, “அங்க முழம் என்ன வெலை போகுது?” என்று கேட்டார்.

விலையைப் போடும்போது அடக்க விலையை இரட்டிப்பாக்குங்கள். கடைக்காரர்கள் 30 முதல் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. டீக்கடையில் பத்துப் பிரதி வைத்தால் மாஸ்டருக்கும் அதே கழிவைக் கொடுங்கள். நூறு பிரதியில் பாதி தெருவிலேயே போய்விடும். மீதியைச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்துத் தீர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அச்சுக்கு என்று ஒரு பிரதியைத் தனியாக எடுத்துவைத்து, யார் என்ன பிழை சொன்னாலும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காஜா பையன் பெயர் தப்பு, டீ விலை அப்போது ஏழு ரூபாய் இல்லை ஆறு ரூபாய், சட்டை வெள்ளை இல்லை சந்தன நிறம் என்று வாரம் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். “அவனை மட்டும் எழுதியிருக்கீங்க, என்னை விட்டுட்டீங்களே” என்று எதிர்க்கடைக்காரர் கேட்பார். அவர் பெயரையும் அதிலேயே குறித்துவிட்டு, எந்த நேரத்தில் கடையில் கூட்டம் குறைவாக இருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.